22 டாட் இன் பெயர்கள் வாங்கினேன், ஒன்றை விற்றேன்

2021 ஆடியில் ஒரே வாரத்தில் 22 டொமைன் பெயர்கள், அதாவது இணையதள முகவரிகள், வாங்கினேன். எல்லாமே இந்தியாவின் குறியீடான டாட் இன்னில் முடிபவை. 2025 பிப்ரவரியில் அவற்றில் ஒன்றை 30,000 ரூபாய்க்கு விற்றேன். இந்த மூன்றரை வருடத்தில் நடந்ததை, பெயர் வாங்கிப் போடலாமா என்று யோசிக்கிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

சொந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம். சென்னையில் வேலை பார்த்த கம்பெனி கொரோனாவில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. நான் ஊருக்கே வந்துவிட்டேன். வாய்ஸ் டாட் காம் என்ற ஒரே பெயர் 2019இல் 3 கோடி டாலருக்கு விற்றதைப் படித்தது அப்போதுதான். டாட் காமில் நல்ல பெயர் எதுவும் மிச்சமில்லை என்பது அரை மணி நேரம் தேடினாலே புரிந்துவிடும். அதனால் முகவரியின் கடைசியில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாக வரும் நாட்டுக் குறியீடுகள் பக்கம் போனேன்.

நாட்டுக் குறியீட்டில் முதலீடு செய்பவர் அந்த நாட்டின் கொள்கையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். டாட் ஏஐ, கரீபியனில் இருக்கும் அங்குவிலா என்ற குட்டித் தீவினுடையது. செயற்கை நுண்ணறிவு அலையில் 2023இல் மட்டும் அந்தத் தீவின் அரசுக்கு இதில் சுமார் 3.2 கோடி டாலர் வந்தது, அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் அந்தப் பெயரைக் குறைந்தது இரண்டு வருடத்துக்கு வாங்க வேண்டும், விலையும் டாட் இன்னைப் போலப் பல மடங்கு. எனக்கு அது எட்டாது. மறுபக்கம், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் அங்கே வசித்தவர்கள் பலர் அந்த ஒன்றியத்தின் குறியீடான டாட் இயுவில் வைத்திருந்த தங்கள் பெயர்களை இழந்தார்கள். பெயர் வைத்திருந்தவர் தப்பு எதுவும் செய்யவில்லை, நாடுதான் மாறியது. டாட் இன்னில் அந்தப் பயம் இல்லை. நிக்ஸி என்ற அமைப்பு நடத்துகிறது, 2005இல் விதிகளைத் தளர்த்தி எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் சில ஆயிரம் பெயர்கள்தான் இருந்தன. இப்போது 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சரி, என்ன பெயர் வாங்குவது? டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு மும்பைக்காரர் தேடும் பெயரை நான் யூகிக்க முடியாது. எனக்குத் தெரிந்தது நெல். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி, காட்டுயானம். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் பாரம்பரிய ரகங்களைத் திரட்டிப் பரப்பியதன் பலன், இன்றைக்கு இந்தப் பெயர்களைச் சொல்லி அரிசி விற்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். இவர்களில் யாராவது ஒருநாள் பெயர் கேட்டு வருவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத சிக்கல். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை கிடையாது. சீரகச் சம்பாவை ஒருவர் எஸ்ஸில் தொடங்குவார், பிரியாணிக் கடைக்காரர் ஜேயில் தொடங்குவார். ‘மாப்பிள்ளை’யில் பி ஒன்றா இரண்டா, எல் ஒன்றா இரண்டா? ழ வந்தால் இசட்-எச் போடுகிறவரும் உண்டு, எல் போடுகிறவரும் உண்டு. ஒரே நெல்லுக்கு நான்கு எழுத்துக்கூட்டல் என்றால் என் கையில் இருப்பது கால் பங்கு மதிப்புள்ள பெயர்தான். இங்கிலீஷ் சொல்லை வாங்குகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன்: பத்து கடைகளின் அரிசிப் பைகளைப் பார்த்து, அதிகம் பேர் எப்படி அச்சடித்திருக்கிறார்களோ அந்த எழுத்துக்கூட்டலை மட்டும் எடுப்பது. விற்ற பெயர் அப்படி எடுத்ததுதான்.

தமிழிலேயே எழுதலாமே என்று கேட்பீர்கள். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே நமக்கு ஒரு குறியீடு இருக்கிறது. ஆசையாக ஒன்று வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எக்ஸ்-என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாகப் போய் நின்றது. அது யாருக்குப் போனதோ அவர்கள் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்தார்கள். அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நெல்லோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த ஒரு இனிப்புக் கடையின் பெயர் டாட் இன்னில் காலியாக இருந்ததைப் பார்த்து அதையும் வாங்கினேன். ஆறு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் ஓடினேன். டொமைன் பெயரும் வணிகப் பெயர் மாதிரிதான், அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லிவிட்டதாம். டாட் இன்னுக்கென்று தனியாகத் தகராறுக் கொள்கை இருக்கிறது. டாட் காமில் கெட்ட நோக்கத்தோடு வாங்கியதையும் பயன்படுத்தியதையும் சேர்த்துக் காட்ட வேண்டும், இங்கே இரண்டில் ஒன்றைக் காட்டினாலே போதும் என்றார். அந்தக் கடைக்குப் பேசி, காசு வாங்காமல் பெயரை மாற்றிக் கொடுத்தேன். மூன்று தலைமுறை உழைத்துச் சேர்த்த பெயர் அது. நான் தொட்டிருக்கவே கூடாது.

முதல் வருடச் சலுகை விலையில் 22 பெயருக்கும் சேர்த்து 4,500 ரூபாய்தான் ஆனது. அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனால் ஒரு பெயருக்கு ஜிஎஸ்டி சேர்த்து 850. ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றாம் வருடம் கார்டு காலாவதியானது தெரியாமல் தானியங்கிக் கட்டணம் போகவில்லை, எச்சரிக்கை மெயில்கள் நான் திறக்காத பழைய முகவரிக்குப் போயின. பார்த்தபோது ஒரு நல்ல பெயர் மீட்புக் கட்டத்துக்குப் போய்விட்டது. மீட்க ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். விட்டேன். இன்னும் இரண்டை நானே விட்டேன். மிச்சம் ஆறு.

விற்றது எப்படி என்பதுதான் பலரும் கேட்பது. ஆறு பெயருக்கும் ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் போட்டு, என் நம்பரையும் கொடுத்திருந்தேன். 2024 மே மாதம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பாரம்பரிய அரிசி அரைத்துப் பை போடுகிறவர்.

“பேருக்கு எவ்வளவும்மா?”

50,000 என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு 20,000 என்றார். 30,000இல் நின்றது. ஆனால் அந்த வருடம் மேட்டூர் ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் தண்ணீர் வந்தது. “சம்பா அறுத்து காசு கைக்கு வரட்டும் தங்கச்சி, தை முடிஞ்சு பாப்போம்” என்றார். நான் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு ஏன் காசு நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் அவர் மில்லுக்கே போனேன். அவருடைய பயம் நியாயமானது: “காசைப் போட்டப்புறம் பேரு வரலன்னா யாரைப் போய்க் கேக்குறது?” பெயரைப் பதிவு செய்து தரும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதென்றால் பெயருக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, அனுமதிக் குறியீடு வாங்கி, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் நான் பெயர் வைத்திருந்த அதே பதிவுக் கம்பெனியில் அவருக்கும் ஒரு கணக்குத் தொடங்கினோம். அடையாளச் சான்று கேட்டது, கொடுத்தார். பாதிப் பணத்தை வங்கியில் போட்டார். நான் என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் பெயரைத் தள்ளினேன். பத்து நிமிடத்தில் அவர் திரையில் வந்துவிட்டது. மீதியைப் போட்டார். இரண்டு பேரும் கையெழுத்திட்ட ஒரு பக்க ரசீது எழுதிக்கொண்டோம், காபி குடித்தோம். புதுப்பிக்கும் தேதியை அவர் மகன் போனில் குறித்து வைத்த பிறகுதான் கிளம்பினேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 4,500, அப்புறம் 7,650, அப்புறம் 5,100, கடைசி வருடம் 900 வீதம் 5,400. மொத்தம் 22,650. வந்தது 30,000. வக்கீலுக்குக் கொடுத்ததைக் கழித்தால் கையில் நின்றது 5,000க்குப் பக்கம். மூன்றரை வருடத்துக்கு இது பெரிய லாபமில்லை. முதலிலேயே ஆறு மட்டும் வாங்கியிருந்தால் கணக்கு நன்றாக வந்திருக்கும். கடன் வாங்கி இதில் இறங்கலாமா என்று கேட்ட ஒரு தம்பிக்கு வேண்டவே வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அந்த மில்லின் ஐந்து கிலோ பை எங்கள் பஜாரில் வந்துவிட்டது. என்னிடம் இருந்த பெயர் பையின் கீழே பச்சையில் அச்சாகியிருக்கிறது. அம்மா ஒரு பை வாங்கி வந்து காட்டினார். என்னிடம் இன்னும் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. ஆடிக்குள் புதுப்பிக்க வேண்டும். இரண்டை விட்டுவிடுவேன். பூங்காரை மட்டும் எப்படியும் விட மாட்டேன்.