இறகும் செம்புக் கம்பியும்

ஏப்ரல் 17, 2025, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள். ஜூன் 14 வரை அப்பா போகும் விசைப்படகு காசிமேட்டில் கட்டியே கிடக்கும். திண்ணையில் ஒரு பக்கம் அவருடைய கிழிந்த வலை, மறுபக்கம் தூண்டில் முள்ளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் என் சின்ன வைஸ்.

தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றி, மீனை ஏமாற்றும் போலிப் பூச்சி கட்டுவது என் பொழுதுபோக்கு. இந்த முறை கட்டப்போவது ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றையும் அதன் மீன்களையும் பராமரிக்கும் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீன் பெரும்பாலும் நீருக்கடியில்தான் இரை தேடுகிறது. மேஃப்ளை பூச்சி சிறகு விரித்து வெளியேறும்வரை ஆற்றடியில் வாழும் பருவம்தான் நிம்ஃப். அதன் உருவத்தைச் சாயர் நூலே இல்லாமல் கட்டினார். ஃபெசன்ட் என்ற பறவையின் வாலிறகிலிருந்து சில இழைகள், மெல்லிய செம்புக் கம்பி, ஒரு முள். கட்டுவதும் அந்தக் கம்பிதான், முள்ளை ஆழத்துக்கு இறக்கும் எடையும் அதுதான். கால்கள்கூட வைக்கவில்லை. நீந்தும்போது அந்தப் பூச்சி கால்களை உடலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். ஆற்றங்கரையிலேயே வாழ்ந்த ஒருவருக்குத்தான் அந்தத் துணிவு வரும்.

ஏப்ரல் 19, சனி

வண்ணாரப்பேட்டையில் ஃபேன் காயில் கட்டும் கடையில் 38 கேஜ் கம்பி கிடைத்தது. தலைமுடியைவிடச் சற்றே தடிமன். ஃபெசன்ட் இறகுக்கு இங்கே வழியில்லை. கறிக்கடையில் வான்கோழி வாலிறகு கேட்டு வாங்கி, சோப்புத் தூள் நீரில் அலசி மாடியில் காயவைத்தேன். பழுப்பு நிறம், நீண்ட இழை. குறையொன்றும் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஃபேனை நிறுத்தாமல் வேலை நடக்காது, இழை பறந்துவிடும். ஏப்ரல் புழுக்கத்தில் விரல் வியர்த்து இழைகள் ஒட்டிக்கொள்கின்றன.

14ஆம் எண் முள். தண்டு சுமார் ஒரு சென்டிமீட்டர். முதலில் கம்பியை மட்டும் சுற்றி, முள்ளின் காதுக்குப் பின்னால் மார்புப் பகுதியில் சிறு திமில் எழுப்ப வேண்டும். பிறகு நான்கு இழைகளின் நுனி வாலாக நீட்டியிருக்கும்படி வளைவருகே கட்டி, மீதி இழையையும் கம்பியையும் ஒன்றாக முறுக்கி முன்னோக்கிச் சுற்ற வேண்டும். அந்த இடத்தில்தான் கம்பி அறுந்தது. மூன்று முறை. நான்காவது அறாமல் முடிந்தது, ஆனால் பயந்து பயந்து சுற்றியதில் இழை தொளதொளத்து வண்டுபோல் பருத்துவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு அப்பா வந்து உட்கார்ந்தார். இந்த மீன் எந்தக் கடலில் கிடைக்கிறது என்று கேட்டார். கடலில் இல்லை, நம் நீலகிரியில்தான் என்றேன். சென்னை ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1863இல் ட்ரவுட்டை அங்கே கொண்டுவர முயன்று தோற்றதையும், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கம்பியை விரலில் சுற்றி மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"நைலான் தங்கூசி போல இது திரும்பச் சுருங்காது. அறுவதற்கு முன் கொஞ்சம் நீள்கிறது பார். அது விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்து."

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். உண்மைதான், அறுவதற்குச் சற்று முன் கம்பி லேசாக வழுக்குகிறது. இத்தனை நாள் அதைக் கவனிக்காமல் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பின் உடல் ஒல்லியாக, இறுக்கமாக வந்தது. காதருகே இழையையும் கம்பியையும் பிரித்து, இழையைத் திமிலின் மேல் பின்னால் மடித்து ஒரு கட்டு, முன்னால் மடித்து ஒரு கட்டு. சிறகு வெடிக்கக் காத்திருக்கும் அந்தக் கரிய முதுகு அப்படியே அமைந்தது. இழைகளுக்கிடையே செம்பு மெல்லிய வரிகளாக மின்னுகிறது.

ஏப்ரல் 26, சனி

வாளி நிறைய நீர் பிடித்து இரண்டையும் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை கட்டிய பருத்தது, இழைக்குள் காற்றைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி இறங்கியது. வியாழக்கிழமை கட்டியது நேராக அடிக்குப் போய் நின்றது. அப்பா அதை எடுத்து, நீரை உதறி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வைஸில் இன்னொரு முள்ளை மாட்டச் சொன்னார், தான் கட்டுவதற்கு.