அம்மாவின் காது

அம்மா ஞானஸ்நானம் எடுத்தபோது தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். நாங்கள் அப்போது திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம், போய்க்கொண்டிருந்த சபையில் நகை போட்டவர்களுக்குத் திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தி, கிடையாது. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று வீட்டில் இருக்கும்போது துடைப்பக்குச்சியை ஒடித்துக் காதில் செருகிக்கொள்வார், ஞாயிறு காலை ஆராதனைக்குக் கிளம்பும்போது அதை உருவி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வருவார். அந்தக் குச்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நகை கூடாது என்பதற்கு வேதத்தில் 1 பேதுரு 3:3-ஐத்தான் காட்டுவார்கள். அதே வசனத்தில் மயிரைப் பின்னுவதும் இருக்கிறது, ஆனால் அம்மாவின் பின்னலை யாரும் அவிழ்க்கச் சொன்னதில்லை.

கலாத்தியா சபைகளுக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதமான கலாத்தியர் நிருபத்தை நான் ஒரே மூச்சில் படித்தது கல்யாணத்துக்கு அப்புறம்தான். ஆறே அதிகாரம். இயேசுவை ஏற்கெனவே விசுவாசித்தவர்களிடம் போய், அது போதாது, விருத்தசேதனமும், அதாவது யூதர்களின் நுனித்தோல் நீக்கும் சடங்கும், பண்ணிக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்ல, பவுலுக்கு வருகிற கோபம் இருக்கிறதே! அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து ஒதுங்கியதை எல்லார் முன்னாலும் கண்டிக்கிறார். நியாயப்பிரமாணத்தால், அதாவது மோசேயின் சட்டத்தால், நீதி வருமானால் "கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே" என்கிறார். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்.

இதே பவுல் தன் உடன் ஊழியர்களில் தீத்துவுக்கு விருத்தசேதனம் கூடாது என்று நின்றவர், தீமோத்தேயுவுக்குத் தானே செய்துவைத்தார். தீத்து விஷயத்தில் அதை இரட்சிப்புக்கு நிபந்தனையாகக் கேட்டார்கள், தீமோத்தேயுவுக்கோ யூதர்கள் நடுவில் ஊழியம் செய்யத் தடை இருக்கக் கூடாதென்று செய்தது. அதனால் நகை போடாதவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எங்கள் அண்ணி இன்றைக்கும் போடுவதில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறார். கர்த்தருடைய பந்திக்கு அதைக் கட்டணமாக வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் இஷ்டம்போல வாழலாமா என்று கேட்பார்கள். சுயாதீனத்தை மாம்சத்தின் இச்சைக்குச் சாக்காக்காமல், அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்று கலாத்தியர் 5:13-லேயே பதில் இருக்கிறது. பயத்தில் ஒன்றை விடுவது வேறு, அன்பில் ஒன்றைச் செய்வது வேறு, இரண்டாவதுதான் கஷ்டம்.

போன கிறிஸ்துமஸுக்கு லாரன்ஸ் ரோட்டில் அம்மாவுக்கு ஒரு சின்னத் தோடு வாங்கினேன். "போட்டுக்கலாமாடி?" என்று இரண்டு முறை கேட்டார். இடது காதில் சுலபமாக நுழைந்தது. வலது காதில் பாதி தூர்ந்துபோயிருந்தது, தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாகத் திருகினேன், வலித்திருக்கும், அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.