டைம்வாரியரில் பிறகு வந்த நல்ல கட்டளைகள்

வேலை நேரத்தைக் குறித்துவைக்க நான் நம்பியிருப்பது டைம்வாரியர். 2016-இல் முதல் பதிப்பு வந்த திறமூல நிரல், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) ஸ்டார்ட் கட்டளையோடு என்ன வேலை என்று காட்ட ஒரு குறிச்சொல் தட்டினால் போதும், கணக்கு ஓடத் தொடங்கிவிடும். சரி, சாப்பிடப் போகும்போது நிறுத்த மறந்துவிட்டால்? பிறகு சேர்ந்த மாடிஃபை கட்டளையில் முடிவு நேரத்தை மட்டும் நேராக மாற்றிவிடலாம், அதையும் தப்பாகச் செய்துவிட்டால் பின்வாங்க அன்டூ இருக்கிறது, இந்த இரண்டுக்காகவே பழைய பதிப்பை விட்டு மாறலாம். அனோடேட் போட்டு அந்த நேரத்தில் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதிவைக்கலாம். அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்தது: பதிவுகள் மாதத்துக்கு ஒன்றாக வெறும் எழுத்துக் கோப்புகளாக நம் கணினியிலேயே இருக்கின்றன, கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டே தேடிக்கொள்ளலாம்.