கென்யா பயணம்: விசாவுக்கு முன்னால் மஞ்சள் அட்டை

கென்யா போக இப்போது விசா வேண்டாம் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாதி சரி. 2023 டிசம்பர் 12 அன்று, கென்யாவின் குடியரசு நாளான ஜம்ஹுரி தின விழாவில், 2024 ஜனவரி முதல் வெளிநாட்டவர்கள் யாருக்கும் விசா தேவைப்படாது என்று அதிபர் வில்லியம் ரூட்டோ அறிவித்தார். விசா போய் அந்த இடத்தில் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வந்தது. விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் தூதரகத்துக்கு அலைய வேண்டாம், பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்.

அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நாலு பேராகத் திருச்சியிலிருந்து போய் வந்தோம். மாரா ஆற்றை வில்டபீஸ்ட் எனப்படும் காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாகக் கடப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நீண்ட நாள் ஆசை. ஏற்பாடுகளைச் செய்தபோது ஒன்று நன்றாகப் புரிந்தது. கென்யாவுக்குள் நுழைவது சுலபம். அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்குத்தான் அதிகத் திட்டமிடல் தேவைப்படுகிறது. அந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் டிக்கெட், ஹோட்டல், இடிஏ எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

நான் சொல்வது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும், அதைப் போட்டதற்குச் சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையையும் பற்றி. இந்தியாவிலிருந்து நேராகப் போகிற பயணியிடம் கென்யா இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை, ஏனென்றால் இந்தியாவில் அந்த நோய் கிடையாது. கேட்பது இந்திய அரசு. கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, ருவாண்டா போல மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடுகளிலிருந்து வருகிற எவரும், இந்தியரோ வெளிநாட்டவரோ, செல்லுபடியாகும் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் விலக்கு. சான்றிதழ் இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக விமானம் மாறி வந்தாலும் இந்தக் கேள்வி எழலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே போகவில்லை என்பதைச் சுகாதார அதிகாரி ஏற்றுக்கொண்டால்தான் விலக்கு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அம்மா கேட்டார். கெடுபிடி நியாயமானதுதான். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. அந்தக் கொசு நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வைரஸ் மட்டும்தான் இல்லை. நம் மக்களுக்கு அதை எதிர்க்கும் சக்தியும் கிடையாது. நோயோடு ஒரே ஒருவர் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதை டெங்கு பார்த்த யாரும் ஊகித்துக்கொள்ளலாம். கென்யாவிலும் இது பழங்கதை இல்லை. 2022 மார்ச்சில் இசியோலோ மாவட்டத்தில் நோய்ப் பரவலை அந்நாட்டு அரசே அறிவித்தது.

இந்த ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நாங்கள் கிண்டிக்குப் போனோம். 1899-ல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத் தொடங்கிய இடம் அது. அங்கே நின்றபோது, சின்ன வயதில் அம்மை குத்தியதைப் பற்றி அப்பா பேசிக்கொண்டே இருந்தார். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். அதனால்தான் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மையத்தைக் கேட்டுவிடுங்கள். கட்டணம் பெரிய தொகை இல்லை.

அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது. அங்கேதான் எனக்கு உண்மையான கவலை தொடங்கியது. இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்ட தடுப்பூசி. 60 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வருவது அரிதுதான், ஆனாலும் இளையவர்களைவிட வாய்ப்பு அதிகம். முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் எங்கள் குடும்ப மருத்துவரிடம் போனோம். அவர் சர்க்கரை அளவு, பழைய அறிக்கைகள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"சார், உங்களுக்குத் தடை எதுவும் எனக்குத் தெரியலை. ஆனா வயசைக் கணக்குல எடுத்துக்கிட்டு நீங்கதான் முடிவு பண்ணணும். போகாம இருந்தாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்தார். நானும் தம்பியும் எதுவும் சொல்லவில்லை. உடம்பு அவருடையது. மருத்துவக் காரணத்தால் ஊசி போட முடியாதவர்கள் விலக்குக் கடிதம் வாங்கலாம். ஆனால் அந்தக் கடிதம் இருந்தாலும் திரும்பி வரும்போது தனிமைப்படுத்துவதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவு. ஊசி போட்டுக்கொள்வதாக அப்பா சொன்ன பிறகுதான் விமான டிக்கெட்டைத் தொட்டோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பணம் கட்டிவிட்டால் அந்தப் பணமே முடிவெடுக்கத் தொடங்கிவிடும்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனித்தார்கள். மறுநாள் அப்பாவுக்கு உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் இருந்தன, பிறகு சரியாகிவிட்டது. மஞ்சள் நிற அட்டையைக் கையில் வாங்கியவுடன் அங்கேயே நின்று சரிபாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, பாஸ்போர்ட் எண், தேதி, மருந்தின் தொகுதி எண், மருத்துவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தம்பியின் அட்டையில் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. அங்கேயே சொன்னதால் வேறு அட்டை எழுதிக் கொடுத்தார்கள்.

அட்டை செல்லுபடியாவது ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான். அதற்கப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பெல்லாம் 10 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியிருந்தது. 2016 ஜூலையில் உலக சுகாதார விதிகள் திருத்தப்பட்ட பிறகு அது இல்லை. பழைய அட்டையில் 10 வருடம் என்று எழுதியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம். இன்னொன்று, தட்டம்மை, சின்னம்மை போன்ற வேறு உயிர் வைரஸ் தடுப்பூசிகளை அண்மையில் போட்டிருந்தால் நான்கு வாரம் இடைவெளி தேவைப்படும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடிஏவைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. கென்ய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். முகவரி go.ke என்று முடிகிறதா என்று பாருங்கள். தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கின்றன, அவை இரண்டு மூன்று மடங்கு வாங்கும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படிக் கட்டியிருந்தது. அனுமதி என்னவோ வந்துவிட்டது, பணம்தான் வீண். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 டாலர், வங்கி அட்டையில் கட்டும் செலவு சேர்ந்து கொஞ்சம் கூடும். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும்.

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், முகப்படம், போய் வரும் விமான விவரம், தங்குமிடத்தின் முன்பதிவு எல்லாம் கேட்கிறார்கள். முன்பு கென்யாவுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டதா, குற்ற வழக்கில் தண்டனை உண்டா என்ற கேள்விகளும் வரும். நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்தால் இந்தப் பகுதி சீக்கிரம் முடியும். அம்மாவின் படத்தைத் தளம் திரும்பத் திரும்ப ஏற்க மறுத்தது. சுவரோரம் நிற்க வைத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி எடுத்ததும் ஏற்றுக்கொண்டது. பரிசீலனைக்கு மூன்று வேலை நாள் என்கிறார்கள், அதைவிடச் சற்று கூடுதலாகவே விட்டு வையுங்கள். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அனுமதி வந்ததும் அச்செடுத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் போன் சார்ஜை நம்பி நிற்க வேண்டாம்.

உகாண்டாவில் கொரில்லா பார்க்கவும் போகிறீர்கள் என்றால் இடிஏவை விட்டுவிட்டு கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசாவைப் பாருங்கள். 100 டாலர், 90 நாள், கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் ஒரே விசா. முதலில் இறங்கப்போகும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தான்சானியா அதில் சேரவில்லை, அங்குள்ள செரெங்கெட்டி பூங்காவுக்கும் போகிறவர்கள் தனி விசா எடுத்தாக வேண்டும்.

மூட்டை கட்டும்போது கவனிக்க வேண்டியது பிளாஸ்டிக் பை. 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் கேரி பேக்குக்குத் தடை இருக்கிறது. தண்டனையும் கடுமையானது. தேசியப் பூங்காக்களுக்குள் 2020 ஜூன் முதல் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில்கூடக் கூடாது. அம்மா முறுக்கையும் பருப்புப் பொடியையும் எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்தார், துணிகளுக்குப் பழைய தலையணை உறைகளைப் பயன்படுத்தினோம். செடி, பழம், விதை கொண்டுபோக முன் அனுமதி தேவை என்பதால் கறிவேப்பிலையை விட்டுவிட்டோம். டிரோன் வைத்திருப்பவர்கள் அனுமதி இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். டாலர் நோட்டு புதியதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும், பழைய நோட்டுகளைப் பல இடங்களில் வாங்குவதில்லை.

மும்பை வழியாக நைரோபி போனோம். மும்பையில் செக்-இன் கவுன்ட்டரிலேயே மஞ்சள் அட்டையைக் கேட்டார்கள். அங்கே இருந்த பெண் நால்வரின் அட்டைத் தேதியையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அப்புறம்தான் போர்டிங் பாஸ் வந்தது. ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தாலும் கேள்விகள் குறைவு. இடிஏ காகிதம், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், கைரேகை, படம், முத்திரை. அதிகாரி அப்பாவைப் பார்த்து "கரிபு, பாபா" என்றார், சுவாஹிலியில் "வாங்க, அப்பா" என்று அர்த்தம். அப்பா அந்த நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்டுமாடுகளைப் பார்க்கப் போகும் மாசாய் மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இடிஏ கட்டணத்தை எண்ணிக் கவலைப்படுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். சீட்டு 12 மணி நேரத்துக்குத்தான். காட்டுமாடுகள் ஆற்றைக் கடப்பது அந்த 200 டாலர் மாதங்களில்தான். உங்கள் சுற்றுலாத் தொகைக்குள் இது அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கென்ய வனவிலங்கு சேவை நடத்தும் நகுரு போன்ற பூங்காக்களில் ரொக்கம் வாங்குவதில்லை, அரசின் இசிட்டிசன் தளம் வழியாக வங்கி அட்டையிலோ எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவையிலோ கட்ட வேண்டும். எங்கள் ஓட்டுநர் வாயிலுக்குப் போவதற்கு முன்பே நரோக் என்ற ஊரில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் முடித்துவிட்டார்.

திரும்பும்போது மும்பையில் இமிக்ரேஷனுக்கு முன்னாலேயே விமான நிலைய சுகாதார அலுவலகத்தின் மேசை இருக்கிறது. எங்கள் அட்டைகளை ஒரு நிமிடத்தில் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞரைத் தனியாக உட்காரச் சொன்னார்கள். கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் ஊசி போட்டிருக்கிறார், குறுகிய பயணம், திரும்பும்போது 10 நாள் நிறையவில்லை. ஊசி போட்டாயிற்றே என்று அவர் கெஞ்சினார். விதி தெளிவாக இருக்கிறது. சான்றிதழ் செல்லுபடியாகும் நாள் வரை, அல்லது நோய் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஆறு நாள் முடியும் வரை, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை தனிமை. கொசு கடித்ததிலிருந்து நோய் வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் ஆகும் என்பதால் வந்த கணக்கு அது. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

அட்டையை இப்போது பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அடுத்த வருடம் அப்பாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும், எண் மாறிவிடும். அட்டையில் இருப்பது பழைய எண். அதனால் ரத்து முத்திரையோடு திரும்பி வரும் பழைய பாஸ்போர்ட்டையும் அட்டையோடு சேர்த்துக் கட்டி வைக்கப்போகிறோம். அடுத்து உகாண்டா என்கிறார் அப்பா.