எண்ணூறு மீட்டரில் இரண்டாவது சுற்று

மேலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். என் பிள்ளைகள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவார்கள், வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பார்கள், ஆடு பத்துவார்கள், சாயங்காலம் கபடியும் ஆடுவார்கள். ஆனால் எண்ணூறு மீட்டர் ஓடவிட்டால், முதல் சுற்றில் பறக்கிற பிள்ளைக்கு இரண்டாவது சுற்றில் கால் துவண்டுவிடும். "இன்னும் பயிற்சி குடுங்க மிஸ்" என்பார்கள் மற்ற ஆசிரியர்கள். பயிற்சியில் குறை இல்லை. குறை வயிற்றில் இருக்கிறது.

அணிக்குப் புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, நேற்று இரவிலிருந்து என்னென்ன சாப்பிட்டாய் என்றுதான். "ராத்திரி சோறும் ரசமும் மிஸ். காலையில டீ, ரெண்டு வர்க்கி." பெரும்பாலும் இதே பதில். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவள் மதியம் ஒரு மணிக்குச் சத்துணவுத் தட்டை ஏந்தும் வரை பதினேழு மணி நேரம். நடுவில் டீயும் வர்க்கியும் மட்டும். நாம் தூங்கும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்துதான் மூளைக்குச் சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அதை நிரப்பாமல் காலை வழிபாட்டுக்கு வெயிலில் நிற்கவைத்தால் சில பிள்ளைகள் மயங்கித்தான் விழுவார்கள்.

தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சித்தாள் வேலைக்கு ஆறு மணி மதுரை பஸ்ஸைப் பிடிக்கிறவர் எப்போது இட்லி ஊற்றுவார்? அதனால்தான் பழைய சோற்றைச் சொல்கிறேன். ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும், காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அதில் வெட்கம். அதைப் போக்க, நான் தூக்குவாளியில் கம்மங்கூழ் கொண்டுபோய் அவர்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடிக்கிறேன். இப்போது பாதிப் பேராவது டப்பாவோடு வருகிறார்கள்.

இன்னொன்று ரத்தசோகை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது 53.4 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை. நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனாலே சோகைதான். என் கபடி அணியில் நன்றாக ரெய்டு போகிற ஒருத்திக்கு 9 இருந்தது. தசைக்குப் பிராணவாயுவைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் நெஞ்சு எவ்வளவு வேகமாக அடித்தாலும் காலுக்குப் போதாது. மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளுக்கு இழப்பு மாதாமாதம் வேறு. பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறோம், 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்டது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனாலேயே சிலர் தூக்கி எறிகிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் என் கண்முன்னால் விழுங்க வைக்கிறேன்.

டீயை நான் முழுதாக நிறுத்தச் சொல்வதில்லை, சோற்றோடு சேர்த்துக் குடிக்காதே என்று மட்டும் சொல்கிறேன். அதிலுள்ள டானின் சாப்பாட்டின் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீட்டில் சுவரொட்டியை, அதாவது ஆட்டின் மண்ணீரலை, கேட்டு வாங்கி வதக்கிக் கொடுங்கள் என்று அம்மாக்களிடம் சொல்வேன். நம் ஆச்சிமார் பிள்ளை பெற்றவளுக்கு அதைத்தானே ஊட்டினார்கள்?

பழைய மாணவர்கள் சிலர் போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் எங்கள் மைதானத்தில் ஓடுகிறார்கள். ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர் ஓடி முடிக்க வேண்டும். முந்தின இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு வந்து, புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கலாமா என்று கேட்கிறான் ஒருவன். "வேணாம்ப்பா, அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கு" என்றேன். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25. ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், ஓடி முடித்ததும் உப்புப் போட்ட மோர், அரைமணியில் முட்டையோடு டிபன். அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புக்கு வரும்போதுதான் பெண்பிள்ளையின் உடம்பு வேகமாக வளரத் தொடங்குகிறது, உதிரப்போக்கும் கூடவே வருகிறது. உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அது வந்தே ஆக வேண்டும். போகிற கூட்டங்களிலெல்லாம் இதைச் சொல்கிறேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டி வருகிறது. காலை ஒன்பது மணிக்கு ஆட்டம் என்றால் பிள்ளைகள் ஆறரைக்கே கிளம்ப வேண்டும். ஊர்க்காரர்கள் அன்போடு ஜெர்சி எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். போன வருடத்து ஜெர்சியே நன்றாக இருக்கிறது, இந்த முறை ஒரு மூட்டை நிலக்கடலையும், போட்டி நாட்களில் இட்லி அவித்துத் தர யாராவது ஒருவர் வீட்டு அடுப்பும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கடலைக்கு ஆள் கிடைத்துவிட்டது. அடுப்புக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.