ஹார்லெக் பக்கமும் போய் வாருங்கள்

வட வேல்ஸ் போகிறவர்கள் கான்வி, கெய்ர்நார்வன் கோட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என் ஓட்டு ஹார்லெக்கிற்குத்தான். ரயிலை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால் பாறை உச்சியில் கோட்டை நிற்கிறது. ஏறினால் மூச்சு வாங்கும், பரவாயில்லை.

வேல்ஸ் இளவரசர் லூவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்டார். மறு ஆண்டே இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் இந்த மூன்று கோட்டைகளையும் கட்டத் தொடங்கிவிட்டார். தோற்றவர்கள் மறுபடி தலைதூக்கக் கூடாது, அதுதான் கணக்கு. வேலையை நடத்தியவர் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவாயிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் மாஸ்டர் ஜேம்ஸ்.

அன்று கடல் பாறையின் அடிவாரத்திற்கு அருகிலேயே இருந்தது. 1294இல் கிளர்ச்சி வெடித்து, தரைவழி அடைபட்டபோது, உள்ளே இருந்தவர்களுக்கு அயர்லாந்திலிருந்து கப்பலில் சாப்பாடு வந்தது! இப்போது கடல் தள்ளிப்போய், அங்கே மணல்மேடும் கோல்ஃப் மைதானமும்தான்.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்குப் பின்னால் வருகிறது. வேல்ஸ்காரர்களை அடக்கக் கட்டிய இதே கோட்டையை 1404இல் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பிய வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளிண்டூர் பிடித்து, தன் குடும்பத்தோடு குடியேறினார். 1405இல் நாடாளுமன்றத்தையும் ஹார்லெக்கிலேயே கூட்டினார். எட்வர்ட் கேட்டிருந்தால் கொதித்திருப்பார்! 1409இல் ஆங்கிலேயர் மீட்டுக்கொண்டார்கள்; ஓவைனின் மனைவியும் மகள்களும் லண்டனுக்குக் கைதிகளாகப் போனார்கள். ஓவைன் மட்டும் கடைசிவரை சிக்கவில்லை.

நேரம் இருந்தால் லான்பெரிஸ் ஏரிக்கரையில் டோல்பாடர்ன் கோபுரத்தையும் பாருங்கள். அது வேல்ஸ் இளவரசர்களே கட்டியது. கூட்டமும் குறைவு.