கோபர்க்கில் செய்த ரைஃபிள்

பண்ணை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பழைய கூயி 39 வாங்கியிருக்கிறேன். கனடாவில் ஒண்டாரியோவின் கோபர்க் நகரில் செய்த, 0.22 அங்குல விட்டத் தோட்டாவுக்கான ரைஃபிள், ஒரு முறைக்கு ஒரே தோட்டா. என் துப்பாக்கி உரிமத்தைச் சரிபார்த்து, அதற்கான குறிப்பு எண் வந்த பிறகே கைமாறியது.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றினேன். குழலின் பின்வாயில் வெள்ளைத் தாளைப் பிடித்து முன்பக்கமாகப் பார்த்தேன். குண்டைச் சுழலவைக்கும் உட்புற வரிகள் கூர்மையாகவே இருந்தன. ஆனால் பின்வாய் விளிம்பில், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பள்ளம். இந்த வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிவிளிம்புக்குள் இருக்கிறது. போல்ட்டுக்குள் இருக்கும் சுடும் ஊசி அங்கேதான் அடிக்கும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் அந்த அடி எஃகின் மேல் விழும். யாரோ பல வருடம் வெறுமனே சொடுக்கி விளையாடியிருக்கிறார்கள். எனக்கு மனம் வலித்தது. சுட்ட வெற்றுக்கூடு அங்கே சிக்கும். துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் அதை நிமிர்த்திக் கொடுத்தார்.

மரக்கட்டையைக் கழற்றியபோது உள்ளே மறைந்திருந்த துருவை எண்ணெயும் மெல்லிய எஃகுப் பஞ்சும் கொண்டு மெதுவாகத் தேய்த்தேன். அழுத்தினால் எஃகைத் துருவிலிருந்து காக்கும் நீலப்பூச்சும் போய்விடும். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய், ஒரு சொட்டு, உள்ளங்கைச் சூட்டிலேயே.

துடைப்புக் கம்பியை எப்போதும் பின்வாய் வழியாகவே விடுகிறேன். முன்முனை தேய்ந்தால் குறி போய்விடும். போல்ட்டைப் பூட்டினாலும் இது சுடத் தயாராவதில்லை, பின்குமிழைக் கையால் இழுக்க வேண்டும். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.